எதிர்ப்பு சக்தி கூடினால் எச்ஐவி வராதா?

"டாக்டருக்கு வணக்கம். நாங்கள் பெரம்பூர். எனக்கு 33 வயது. என் வீட்டுக்காரருக்கு ஆறு வருடமாக எச்ஐவி. அரசு ஆஸ்பத்திரி ஏஆர்டி சென்டரில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். எனக்கும் மகளுக்கும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நம்பிக்கை மையத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். தெரிந்தவர் ஒருவர், 'எதிர்ப்பு சக்தி நன்றாக இருந்தால் பக்கத்தில் படுத்தாலும் ஒட்டாது, இரண்டு பேரும் சாப்பிடுங்கள்' என்று சொல்லி 1,800 ரூபாய்க்கு ஒரு லேகியம் வாங்க வைத்தார். பயோடெக் படிக்கும் நாத்தனார் பையன் அதைப் பார்த்துவிட்டு, 'அத்தை, எச்ஐவி முழித்திருக்கிற செல்லைத்தான் பிடிக்கும். எதிர்ப்பு சக்தியை ஏத்தினா இன்னும் சுலபமா பிடிக்கும்' என்கிறான். யார் சொல்வது சரி? எதிர்ப்பு சக்தி கூட வேண்டுமா, குறைய வேண்டுமா? எங்களுக்கு இன்னொரு குழந்தைக்கும் ஆசை. போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது அவருக்கு நாலு நாள் மாத்திரை விட்டுப்போனது. எனக்கு ஒரு வருடமாக வெள்ளைப்படுதலும் அரிப்பும் இருக்கிறது. உடம்புச் சூடு என்று விட்டுவிட்டேன்."
பெயர் வேண்டாம், பெரம்பூர்

அன்புள்ள சகோதரி,

போகிற போக்கில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, வெள்ளைப்படுதல் என்று, உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்டது அந்த வரிக்குத்தான். லேகியக்காரர் சொன்னதும் பையன் சொன்னதும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கின்றன. கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

எதிர்ப்பு சக்தி என்றதும் நம் எல்லோர் மனதிலும் மொட்டை மாடித் தண்ணீர் டேங்க்தான் வருகிறது. நிரம்பியிருந்தால் நிம்மதி, குறைந்தால் மோட்டார் போட வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு இந்த எண்ணம் இன்னும் ஊறிவிட்டது. மருந்துக்கடை, மளிகைக்கடை, இன்ஸ்டாகிராம் எங்கே பார்த்தாலும் 'இம்யூனிட்டி' விற்கிறார்கள். உடம்புக்குள் அப்படி ஒரு டேங்க் கிடையாது. இருப்பது செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் சேதிகள். எழுந்திரு, இங்கே வா, பெருகு, வேலை முடிந்தது, போய்ப் படு. இதில் 'போய்ப் படு' என்ற சேதி 'எழுந்திரு' அளவுக்கே முக்கியம். அது சரியாகப் போய்ச் சேராவிட்டால் மூட்டுவாதம், சோரியாசிஸ் போன்ற தொல்லைகள் வரும். ஆகவே 'கூட வேண்டுமா, குறைய வேண்டுமா' என்ற உங்கள் கேள்விக்கு இரண்டும் இல்லை என்பதே பதில். எந்த இடத்தில், எந்தச் சேதி, எவ்வளவு நேரம் என்பதுதான் விஷயம்.

எச்ஐவி விஷயத்தில் இது இன்னும் விசித்திரமாகிறது. பெரும்பாலான கிருமிகள் எதிர்ப்பு செல்களின் கண்ணில் படாமல் ஒளியப் பார்க்கும். இது அந்தச் செல்லையே தேடி வருகிறது. ரத்த வெள்ளை அணுக்களில் டி செல் என்று ஒரு வகை. அதில் சிடி4 என்ற புரதத்தை மேலே தாங்கியிருப்பவைதான் இதன் குறி. போலீஸ்காரரை அதிகமாக நிறுத்தினால் திருடன் வரமாட்டான் என்று நாம் நினைப்போம். இந்தத் திருடன் குறிவைப்பதே போலீஸ்காரரின் வீட்டை.

உங்கள் பையன் சொன்னதைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் இல்லாத நாளில் கேட் பூட்டியிருக்கும். யாராவது சுவரேறிக் குதித்தாலும் உள்ளே அடுப்பு எரியாது, ஸ்டோர் ரூமில் ஒரு படி அரிசி இருக்காது. முகூர்த்த நாளில் கேட் விரியத் திறந்திருக்கும், பந்தி ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்க ஆளில்லாமல், யாரென்றே தெரியாத ஒருவர் உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிட்டுவிட்டுப் போவார். ஓய்வில் இருக்கும் டி செல் அந்தப் பூட்டிய மண்டபம். சேதி கேட்டு எழுந்த டி செல் முகூர்த்த நாள் மண்டபம்.

கேட், ஸ்டோர் ரூம், அடுப்பு மூன்றுக்கும் செல்லில் ஈடு உண்டு. வைரஸ் உள்ளே நுழைய சிடி4 மட்டும் போதாது, பக்கத்தில் இன்னொரு கைப்பிடியும் வேண்டும் என்று 1996-ல் தெரிந்தது. பெரும்பாலும் அது சிசிஆர்5 என்ற புரதம். ஒருமுறை விழித்து வேலை பார்த்த டி செல்களில் இது அதிகம். எதையும் சந்திக்காத புதுச் செல்களில் குறைவு. ஸ்டோர் ரூமுக்குச் சாம்ஹெச்டி1 என்று ஒரு நொதி காவல். எச்ஐவி தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக எழுதிக்கொள்ளத் தேவையான மூலப்பொருளை அது உடைத்து உடைத்துக் குறைத்துவைக்கும். ஓய்வில் உள்ள டி செல்லுக்குள் வைரஸ் புகுந்தும் பாதியில் மாட்டிக்கொள்வதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று 2012-ல் காட்டினார்கள். செல் விழித்துப் பெருகத் தயாரானதும் இந்தக் காவல் தளர்ந்துவிடும். செல்லுக்கே அப்போது டிஎன்ஏ எழுத வேண்டியிருக்கிறதே, சரக்கைப் பூட்டிவைத்தால் எப்படி? மூன்றாவது, அடுப்பு. டி செல் விழிக்கும்போது என்எஃப் காப்பா பி என்ற புரதம் உட்கருவுக்குள் போய், தேவையான மரபணுக்களை முடுக்கிவிடும். எச்ஐவியின் மரபணுவில் தொடக்கத்திலேயே அதே புரதம் வந்து உட்கார இடம் இருக்கிறது. செல் தன் வேலைக்காக அடிக்கும் மணியிலேயே வைரஸின் வேலையும் ஆரம்பித்துவிடும். படித்த காலத்தில் முதன்முதலாக இதைப் புரிந்துகொண்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேண்டாத விருந்தாளிமீது வந்த மரியாதையை வெளியே சொல்லவும் கூச்சமாக இருந்தது.

ஆக, பையன் சொன்னது சரிதான். பாதி. 'முழித்திருக்கிற செல்லை மட்டும்தான்' என்பதில் சறுக்குகிறான். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே அரைத்தூக்கம் என்று ஒரு நிலை உண்டு. இன்டர்லூக்கின்-7 என்ற சேதி டி செல்லை உயிரோடு வைத்திருக்க உடம்பு எப்போதும் அனுப்புவது. ஆய்வகத்தில் அதைக் கொஞ்சம் தூக்கலாகக் கொடுத்தால், செல் பார்வைக்கு உறங்குவதுபோலவே இருந்தாலும் தொற்றுக்கு இடம் கொடுத்துவிடுகிறது. செல்களை நிணநீர்க் கணுவுக்கு வரவழைக்கும் சில அழைப்புச் சேதிகளும் இப்படித்தான். செல்லின் உள் எலும்புக்கூட்டை இளக்கி, வைரஸ் உட்கருவரை நடந்துபோகப் பாதை போட்டுத் தருகின்றன. விழித்த செல்லில் தொற்றிய வைரஸ், அந்தச் செல் வேலை முடிந்து படுக்கப் போகும்போது அதோடு சேர்ந்து படுத்துக்கொள்வதும் உண்டு. மண்டபத்தைப் பூட்டும்போது உள்ளேயே தங்கிவிட்ட ஆள் மாதிரி. அப்படித் தூங்கும் வைரஸை மாத்திரை தொட முடியாது. உங்கள் வீட்டுக்காரர் எவ்வளவு தெம்பாக இருந்தாலும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சென்டரில் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வைரஸுக்கு எதிரான சேதிகளும் இருக்கின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும். இன்டர்ஃபெரான் என்ற சேதி கேட்டதும் அக்கம்பக்கத்துச் செல்கள் வைரஸை மறிக்கும் புரதங்களைத் தயாரித்துக்கொள்ளும். ஒன்று வைரஸ் எழுதும் டிஎன்ஏவில் பிழை புகுத்தும், ஒன்று புதிதாகப் பிறந்த வைரஸைச் செல்லின் மேலேயே கட்டிவைக்கும். அப்படியானால் இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டுவிடலாமே என்று தோன்றும். குரங்குகளில் செய்து பார்த்தார்கள். 2014-ல் வந்த முடிவு இது: ஆரம்பத்தில் தொற்று ஒட்டுவது தள்ளிப்போனது, தொடர்ந்து கொடுத்தபோது உடம்பு அந்தச் சேதிக்கே மரத்துப்போய், நோய் வேகமாக முற்றியது. எதிர்ப்பு சேதியை ஏற்றுவது எவ்வளவு சூதாட்டம் என்று இதிலிருந்து பாருங்கள். அளவும் காலமும் கணக்கிட்ட ஆய்வகத்திலேயே இந்த நிலை என்றால், என்ன சேர்த்திருக்கிறது என்றே தெரியாத லேகியத்தைப் பற்றி என்ன சொல்ல?

ஆப்பிரிக்காவில் சூட்டி மங்கபே என்று ஒரு குரங்கு. எச்ஐவியின் உறவுக்கார வைரஸ் அதன் ரத்தத்தில் ஏராளமாக ஓடும். எய்ட்ஸ் மட்டும் வருவதில்லை. காரணம் அதன் உடம்பில் எதிர்ப்பு சக்தி அதிகம் என்பதல்ல. தொற்றிய சில வாரங்களில் அதன் உடம்பு 'போதும், அடங்கு' என்று சொல்லிவிடுகிறது. மனித உடம்பு அப்படிச் சொல்வதில்லை. மருந்தில்லாத எச்ஐவியில் அலாரம் வருடக்கணக்கில் அலறிக்கொண்டே இருக்கும். உள்ளே புகுந்து பாதியில் மாட்டிக்கொண்டது என்றேனே, அந்தச் செல்கள்கூடச் சும்மா இறப்பதில்லை. வெடித்து, அழற்சியைக் கிளப்பி, இன்னும் பல சிடி4 செல்களை அந்த இடத்துக்கே கூப்பிட்டுவிட்டுச் சாகின்றன. தீப்பிடித்த வீட்டைப் பார்க்க ஓடிவருகிறவர்கள்மேலும் தீ பற்றுகிற கதை.

இப்போது உங்கள் கடைசி வரி.

பிறப்புறுப்பின் உள்தோல் அமைதியாக இருக்கும்போது அங்கே வைரஸுக்குத் தோதான செல்கள் குறைவு. அங்கே குடியிருக்கும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள், தயிரில் இருப்பவற்றின் உறவினர்கள், அந்த இடத்தைப் புளிப்பாக வைத்துக் காவல் காக்கின்றன. அவை குறைந்து வேறு பாக்டீரியாக்கள் பெருகினால், அல்லது வேறொரு தொற்று வந்தால், உள்தோல் செல்கள் 'இங்கே வாருங்கள்' என்று சேதி அனுப்பும். சிசிஆர்5 தாங்கிய, விழித்த சிடி4 செல்கள் அங்கே வந்து குவியும். எதிர்ப்பு மண்டலம் தன் கடமையைத்தான் செய்கிறது. ஆனால் வைரஸ் நுழையும் வாசலிலேயே முகூர்த்தப் பந்தல் போட்டதுபோல் ஆகிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் இளம்பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. நல்ல பாக்டீரியாக்கள் நிறைந்திருந்தவர்களோடு ஒப்பிட்டால், பலவகை வேண்டாத பாக்டீரியாக்கள் பெருகியிருந்தவர்களுக்கு எச்ஐவி தொற்றியது நாலு மடங்குக்கும் மேல். லேகியக்காரர் சொன்ன கணக்கை வைத்து இதற்கு விளக்கம் கிடைக்காது. சேதிக் கணக்கில்தான் கிடைக்கும்.

இந்த இடத்தில் மருத்துவ உலகமும் ஒருமுறை சறுக்கியிருக்கிறது. பிறப்புறுப்பில் புண் வரவைக்கும் ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்று இருப்பவர்களுக்கு எச்ஐவி ஆபத்து இரண்டு மூன்று மடங்கு. சரி, ஹெர்பிஸ் மாத்திரையைத் தினமும் கொடுத்துப் புண் வராமல் செய்துவிட்டால் எச்ஐவியும் குறையும் என்று பெரிய ஆய்வுகள் நடத்தினார்கள். 2008-ல் முடிவு வந்தது. புண் குறைந்தது, எச்ஐவி குறையவில்லை. அடுத்த வருடம் காரணம் தெரிந்தது. புண் ஆறிய இடத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தால், மேல்தோல் பளிச்சென்று இருக்கிறது, அடியில் அந்தச் சிடி4 செல்கள் மாதக்கணக்கில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கின்றன. பந்தி முடிந்த பிறகும் யாரும் கேட்டை மூடவில்லை. நான் இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. அரிப்பு தானாக அடங்கியதும் 'சரியாகிவிட்டது' என்று மறுபடி ஒரு வருடம் விட்டுவிடுவீர்களோ என்றுதான்.

வெள்ளைப்படுதல் எல்லாமே நோயல்ல. மாதவிலக்குக்கு முன்பும், இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவிலும் நீர்போலவோ வெண்மையாகவோ படுவது இயல்பு. அரிப்பு, மீன் வாடை, தயிர்த் திரி போன்ற கட்டி, மஞ்சள் அல்லது பச்சை நிறம், இதில் ஏதாவது இருந்தால் அது சூடு இல்லை, பெரும்பாலும் தொற்று. இளநீரும் வெந்தயமும் உடம்புக்கு நல்லதுதான், இதற்கு மருந்தாகாது. ஸ்டான்லி, ஜி.எச்., எழும்பூர் எதுவானாலும் அரசு ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்ப் பிரிவு அல்லது மகளிர் பிரிவுக்குப் போங்கள். சில இடங்களில் போர்டில் 'சுகவாழ்வு மையம்' என்று போட்டிருக்கும். பரிசோதனையும் மருந்தும் இலவசம். என்ன தொற்று என்று பார்த்துவிட்டுத்தான் மருந்து. கடையில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள், பாக்டீரியா, பூஞ்சை, ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி என்று மூன்று வகைத் தொற்றுக்கும் மருந்து வேறு வேறு. ட்ரைக்கோமோனாஸ் என்று சொன்னால் வீட்டுக்காரருக்கும் சேர்த்து மாத்திரை வாங்குங்கள், இல்லையென்றால் திரும்ப வரும். சோப்பு, கிருமிநாசினி, வாசனைத் திரவம் எதையும் உள்ளே விட்டுக் கழுவ வேண்டாம். நிறையப் பெண்கள் சுத்தம் என்று நினைத்துச் செய்கிறார்கள். அது நல்ல பாக்டீரியாக்களைக் கொன்று, தோலையும் எரியவிட்டு, மேலே சொன்ன அழைப்புச் சேதியைத்தான் அனுப்புகிறது. வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும்.

பையன் அடுத்து கேட்கப்போவது எனக்குத் தெரியும். செல்லைத் தூங்கவைத்துவிட்டால் என்ன, அதற்கு மாத்திரை இல்லையா? கென்யாவில் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்துப் பெண்களின் உள்தோலில் இலக்குச் செல்கள் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள். சிறிய ஆய்வு, எச்ஐவி தொற்று குறைந்ததா என்பது அதில் அளக்கப்படவில்லை. அதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் ஆஸ்பிரின் ஆரம்பிக்கக் கூடாது, வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.

இவ்வளவும் உங்கள் பக்கத்துப் பூட்டு. முதல் பூட்டு உங்கள் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது, அது இதைவிடப் பல மடங்கு உறுதி. ஒருவருக்கு எச்ஐவி, இன்னொருவருக்கு இல்லை என்ற 1,763 தம்பதிகளை ஒன்பது நாடுகளில் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் நம் சென்னைத் தம்பதிகளும் இருந்தார்கள், உங்களைப் போன்றவர்கள்தான். 2011-ல் முடிவை அறிவித்தபோது, துணையிடமிருந்தே தொற்றியது என்று உறுதியான 28 பேரில், உடனே மாத்திரை ஆரம்பித்த பிரிவில் இருந்தவர் ஒரே ஒருவர், மற்ற 27 பேரும் மாத்திரையைத் தள்ளி ஆரம்பித்த பிரிவு. பிறகு ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகளில், மாத்திரையால் வைரஸ் ரத்தப் பரிசோதனையில் அகப்படாத அளவுக்குக் குறைந்திருந்தவர்களிடமிருந்து துணைக்கு ஒருமுறைகூடத் தொற்றவில்லை. இடையில் வேறு பால்வினைத் தொற்று வந்திருந்தவர்களும் அதில் உண்டு. வாசலில் பந்தல் போட்டிருந்தாலும் தெருவில் ஆளே இல்லையென்றால் யார் நுழைவது?

ஆகவே அவருடைய வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்ற ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சிடி4 எண்ணிக்கை வேறு, இது வேறு. சிடி4 எண்ணூறு இருக்கிறது என்பதை வைத்து வைரஸ் இல்லை என்று சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒருமுறை சென்டரிலேயே எடுப்பார்கள். நாலு நாள் விட்டுப்போனதை மறைக்காமல் சொல்லுங்கள். மழையில் வீடு முழுகியவரைத் திட்டுகிற சென்டர் இருக்காது, இருந்தால் நீங்கள் பொருட்படுத்த வேண்டாம். விட்டுப்போனதற்குப் பிறகு எடுத்த ரிப்போர்ட் கையில் வரும்வரை ஆணுறை கட்டாயம். அடுத்த மழைக்கு முன்னால் ஒரு வாரத்து மாத்திரையை ஜிப் கவரில் போட்டு, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் உயரமாக வைத்துவிடுங்கள்.

குழந்தை ஆசை நியாயமான ஆசை, நடக்கக்கூடியதும்கூட. வைரல் லோடு அகப்படாத நிலையில் இருந்து, உங்கள் தொற்றும் குணமான பிறகு, சென்டர் டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பேசுங்கள். இயல்பான முறையிலேயே முயற்சி செய்யலாம் என்பார்கள். தேவைப்பட்டால் அந்த மாதங்களில் உங்களுக்கும் தடுப்பு மாத்திரை தருவது பற்றிச் சொல்வார்கள். வெள்ளைப்படுதலைக் கர்ப்பத்துக்கு முன்பே சரிசெய்வதில் இன்னொரு லாபமும் உண்டு. சில தொற்றுகள் குறைப்பிரசவத்துக்குக் காரணமாகின்றன.

லேகியத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அது தேவையில்லை என்பதோடு நிறுத்தியிருப்பேன், 'இரண்டு பேரும் சாப்பிடுங்கள்' என்று விற்றவர் சொன்னதை நீங்கள் எழுதாமல் இருந்தால். அரசு சென்டரில் இப்போது பெரும்பாலானவர்களுக்குத் தருவது டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை. இரும்பு, கால்சியம், துத்தநாகம், மக்னீசியம் எதுவானாலும் குடலில் அந்த மருந்தோடு ஒட்டிக்கொண்டு, ரத்தத்தில் சரியாகச் சேரவிடாமல் செய்துவிடும். அயச் செந்தூரமும் சங்கு பற்பமும் நாக பற்பமும் என்ன? இரும்பு, கால்சியம், துத்தநாகம். லேகியத்தில் இவை இருக்கிறதா என்று லேபிள் சொல்லாமலும் போகலாம். மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் வைரல் லோடு ஏறி வந்து நிற்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, 'வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?' என்பதைத்தான். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் திரவம், கால்சியம் மாத்திரை, சத்து மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. டோலுடெக்ராவிர் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கலாம், அல்லது இவற்றை எடுத்து ஆறு மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் சாப்பிடலாம். சித்த மருத்துவம் பிடிக்கும் என்றால் அரசு ஆஸ்பத்திரியிலேயே சித்தா பிரிவு இருக்கிறது, ஏஆர்டி அட்டையைக் காட்டிவிட்டு அங்கே கேளுங்கள்.

பாட்டிலின் சீலை இன்னும் உடைக்கவில்லை என்றால், ரசீதோடு கொண்டுபோய் 1,800 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். உடைத்திருந்தால் வைரல் லோடு எடுக்கப் போகும் அன்று அதையும் பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.